மாமியார் காயவைத்த உரம்

உலக யுத்தக் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு. வீட்டு வளவுகளில் ஏதாவது பயிர் வையுங்கள் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். நான் கலியாணம் முடித்து, பனிச்சங்கேணியில் மனைவி வீட்டோடு குடிவந்த புதிது. வாவியோரத்து வளவு, முழுக்க மணல். "இதில கத்தரி காய்க்குமா?" என்று மாமனார் சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மாரி மழைக்கு முதல் உரம் செய்து காட்டுகிறேன் என்று வாயை விட்டேன்.

வயல்வட்டையில் நெல்லைச் சூடடித்து மிஞ்சிய வைக்கோல், வாழைத்தண்டு, சாணம் எல்லாவற்றையும் அடுக்கி, நனைத்து, ஆளுயரத்துக்குக் குவித்தேன். பத்தாம் நாள் உள்ளே கைவிட்டால் சுட்டது. வைக்கோலெங்கும் வெள்ளைப் பூஞ்சணம் நூல் நூலாக ஓடியிருந்தது. வைக்கோலைத் தின்று மண்ணாக்குவது அதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் ஏறாவூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பினால் குவியலைக் காணோம். வளவு நீளத்துக்கு வைக்கோல் பரவி, மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது.

செய்தவர் மாமியார். நெல்லோ கருவாடோ, பூஞ்சணம் பிடித்தால் வெயிலில் போட்டுக் காப்பாற்றுவதுதான் அவருக்குத் தெரியும். என்னிடம் கேட்டிருக்கலாம். ஆனால் மருமகனோடு மாமியார் நேரே பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நான் முற்றத்தில் நின்றால் அவர் கதவுக்குப் பின்னால் நிற்பார்.

"ஆரு இந்த வேலை பார்த்தது?" என்று கத்திவிட்டேன். கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. மனைவி கிட்ட வந்தாள்.

"நீங்க பட்ட பாடு வீணாப் போயிரும் எண்டு, அம்மா விடியத் தொட்டுத் தனிய நிண்டு காயவெச்சவ. இன்னும் சோறும் தின்னல்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கதவைப் பார்த்துச் சொன்னேன்: "மாமி, பூஞ்சணம் இருந்தாத்தான் வைக்கல் உக்கும். நனைச்சுக் குவிச்சா மறுகா வரும்."

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தேன். குவியல் பழையபடி நின்றது. அதற்குப் பிறகு நாள்தோறும் யாரோ அதற்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். யாரென்று நானும் கேட்கவில்லை. மாரிக்கு நாள் கிட்டிக்கொண்டிருந்தது. பூஞ்சணத்தை மட்டும் இன்னும் காணோம்; எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

ஒருநாள் படலையைத் திறந்தேன். மாமியார் முழங்கை வரை குவியலுக்குள் கைவிட்டு நின்றார். என்னைக் கண்டும் உள்ளே ஓடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் படலையடியில் நின்றுவிட்டது நான்தான்.

"மருமகன், கிட்ட வந்து பாருங்க," என்றார். "வெள்ளை வந்திட்டு."