கோட்டைக்கு அடித்த சுண்ணாம்பு

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் முன்னால் வர வேண்டியது பின்னால் வரும், பாதி மறந்தும் போகும். கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என் தம்பி மகள் ரேணிகுண்டா வந்திருந்தாள். அமெரிக்காவில் இருக்கிறவள். திருப்பதியில் சாமி பார்த்துவிட்டு, விமானம் ஏறுகிறதுக்கு முன்னால் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அமெரிக்காவில் சுற்றிப் பார்த்த இடங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஒரு படத்தில் என் விரல் தானாக நின்றுவிட்டது. கடலோரம் ஒரு கல் கோட்டை. மூலைக்கு மூலை, ஒரு ஆள் நிற்கிற அளவில் காவல் கூண்டு.

"இது ஸ்பெயின்காரன் கோட்டைதானே?" என்றேன்.

"ஐயோ அத்தே, உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

எப்படித் தெரியாமல் போகும்? அந்தக் கோட்டைக்கு ஓடு வேய்ந்ததே நான்தான்.

எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் தச்சு வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆன பிறகு தெரிந்தவர்களுக்கு மேசை, அலமாரி செய்து கொடுப்பார். அப்படித்தான் திருப்பதியில் ஒரு சரித்திர வாத்தியார் வீட்டுக்கு ஆறடி மேசை செய்யப் போனார். மாஸ்டாரு என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். அந்த மேசை சாப்பிடுவதற்கு இல்லையாம், சண்டை போடுவதற்காம். விரல் கணு உயரத்தில் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, யார் செத்தது என்று முடிவு செய்வார்கள். மேசை செய்யப் போன மனிதர் அந்தச் சண்டையில் சிப்பாயாய்ச் சேர்ந்துகொண்டார். ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஒரு சென்னைப் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மாஸ்டாரு, ஸ்பெயின்காரர்கள் கடல் தாண்டிப் போய்ப் பிடித்த ஊரில் கட்டிய கோட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டார். இவர் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். ஸ்பெயின் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதற்கு, "சத்தியவேடு தாண்டி கொஞ்ச தூரம்" என்றார், ஏதோ பஸ் ஏறிப் போகிற பக்கத்து ஊர் மாதிரி. நானும் தலையாட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் சிரித்தேன்.

ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோலைச் சுவராக வெட்டினார். மேலே காகிதம் ஒட்டி, மை தீர்ந்த பேனாவால் கல் கல்லாகக் கோடு இழுத்தார். என் தென்னந்துடைப்பம் நாளுக்கு நாள் இளைத்தது. குச்சியெல்லாம் உத்தரமாய்ப் போய்க்கொண்டிருந்தது. டீத்தூளை வடிகட்டிக் கொட்டக் கூடாது, காயவைத்து டப்பாவில் போட வேண்டும், அதுதான் கோட்டைக்கு மண். இன்றைக்கும் ஈர டீத்தூள் வாசனை வந்தால் எனக்கு டீ ஞாபகம் வராது, அந்தக் கோட்டை முற்றம்தான் வரும்.

சிப்பாய்கள் தங்கும் வரிசை வீட்டுக்கு ஓடு போடும்போது அவர் மாட்டிக்கொண்டார். காகிதக் குழாயை இரண்டாகப் பிளந்து ஒட்டுகிறார், கூரையாகவே தெரியவில்லை. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கிற ஆள் இல்லை நான். ஆனால் பாலசமுத்திரத்தில் எங்கள் நைனா வீடு நாட்டு ஓட்டு வீடு. மழைக்கு முன்னால் ஓடு மாற்றும்போது கீழே நின்று எடுத்துக் கொடுத்தவள் நான்.

"எல்லாத்தையும் கவுத்தே போட்டுக்கினு கீறீங்க. ஒன்னு மல்லாத்தி, அது மேல ஒன்னு கவுக்கணும். இல்லாங்காட்டி தண்ணி எங்க போவும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டாரு கொடுத்திருந்த கோட்டைப் படத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் அப்படித்தான் இருந்தது.

"வாம்மா, ஓட்டு மேஸ்திரி" என்று பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டார்.

கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷம். சாப்பாடு ஆச்சா, பால் வந்ததா என்பதைத் தவிர எங்களுக்குள் அதிகம் பேச்சு கிடையாது. சண்டையும் கிடையாது. அந்த இரண்டு மாதம்தான் நாங்கள் பேசினோம். ஓடு சுருட்டிக்கொண்டே என்னென்னவோ பேசினோம். அவருக்குச் சின்ன வயதில் கப்பலில் போக ஆசை இருந்தது என்று அப்போதுதான் தெரியும் எனக்கு.

மார்கழியில் பலமனேரில் என் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று போனேன். பத்து நாள் இருந்துவிட்டு, போகிக்கு முதல் நாள்தான் வந்தேன். வீட்டுச் சுவரெல்லாம் மழை ஈரம் ஏறிப் பாசி பிடித்துக் கிடந்தது. பண்டிகைக்கு வெள்ளை அடிக்காமல் எப்படி? போகியன்று காலையில் சுண்ணாம்பு கரைத்துப் பின் சுவரும் துளசி மாடமும் அடித்து முடித்தேன். அவர் கரும்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். உள்ளே வந்தால் அவர் வேலை செய்கிற மேசை மேல் கோட்டையும் அதே கோலம். மூலையெல்லாம் கறுப்பு, அடியில் பச்சை, சுவரில் தண்ணீர் ஒழுகிய தடம். அடப் பாவமே, இதையும் ஈரம் தின்றுவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

பானையில் சுண்ணாம்பு மீதி இருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நாலு சுவருக்கும் இரண்டு கை அடித்தேன். அடியில் காவிப் பட்டை இழுத்தேன். நாலு மூலைக் கூண்டும் மொட்டையாகத் தெரிந்ததால் அதற்கும் காவி. ஓட்டில் ஒரு சொட்டு படவில்லை. அவ்வளவு பக்குவம்.

அவர் கரும்போடு வந்தார். மேசை முன்னால் நின்றார். கரும்பைச் சாத்தி வைக்காமலே கொஞ்ச நேரம் நின்றார்.

"பாசி புடிச்சிருந்துச்சிங்க. அடிச்சிட்டேன்" என்றேன்.

"நல்லாத்தான் கீது" என்றார். கை கழுவப் போய்விட்டார்.

காணும் பொங்கலுக்கு மற்ற இரண்டு பேரும் சண்டைக்கு வந்தார்கள். நான் சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டாரு சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஏமண்ணா, ஸ்பெயின் கோட்டை கேட்டா எல்லம்மா குடி கட்டி வெச்சிருக்கே?" குடி என்றால் தெலுங்கில் கோயில்.

இவர் அசரவில்லை. "கோட்டையில ஆளுங்க குடியிருக்காங்க இல்ல? பொங்கலுக்கு வெள்ளை அடிச்சிக்கினாங்க. உன் சிப்பாயை எறக்கு, பாப்போம்" என்றார்.

காப்பி வாங்க வந்த சென்னைப் பிள்ளைதான் மெல்லச் சொன்னான். "ஆன்ட்டி, அது பாசி இல்ல. இருநூறு வருஷத்துக் கோட்டை மாதிரி தெரியணும்னு அண்ணன் நீங்க ஊர்ல இல்லாத பத்து நாளும் காப்பி டிகாஷன், பச்சை பெயின்ட் எல்லாம் வெச்சி ஒவ்வொரு கல்லா போட்டது. டெய்லி போட்டோ அனுப்புவாரு."

கையில் இருந்த மாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் வெளியே வரவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

மாசியில் அவர் கோட்டைக்குள் வைக்க ஒரு சின்ன சர்ச் ஆரம்பித்தார். "இன்னா மேஸ்திரி, ஓட்டு வேலைக்கு வர்றியா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என் கை பட்டா கெட்டுப் பூடும். நீங்களே பாத்துக்குங்க" என்றேன்.

இன்னும் இரண்டு தரம் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சர்ச் கூரையில்லாமலே நின்றது. நாற்காலி சுவரோரம் போனது. பழையபடி பால் வந்ததா, சாப்பாடு ஆச்சா.

வெயில் காலத்தில் ஒரு மத்தியானம். மாஸ்டாரு கொடுத்த படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "ஏ, இங்க வாயேன். இத்த வந்து பாரு. உன் சமாச்சாரம்தான்" என்று கூப்பிட்டார். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன்.

"அடுப்புல பால் கீது" என்றேன்.

"ஒரு நிமிசம் வந்துட்டுப் போ."

"பொங்கிடும்."

புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. அடுத்த மழைக்கு அவர் இல்லை. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

காரியம் முடிந்து புத்தகத்தை மாஸ்டாருக்கே கொடுத்தனுப்பினேன், திறந்துகூடப் பார்க்காமல். அவர் அப்புறம் மகனோடு வேறு ஊர் போய்விட்டார். கோட்டையைச் சென்னைப் பிள்ளை காரில் வைத்து எடுத்துப் போனான். "பத்திரமா வெச்சிக்கறேன் ஆன்ட்டி" என்றான். வேலை மாறிப் போனவன் நம்பர் இப்போது போகவில்லை. அந்த மேசை இருந்த இடத்தில் வாஷிங் மெஷின் நிற்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப் போச்சு. தம்பி மகள் கிளம்புகிறபோது சொன்னாள். "இப்போ கல்லா தெரியுது அத்தே. அந்தக் காலத்துல முழுக்கச் சுண்ணாம்பு பூசி வெள்ளையா இருந்துச்சாம். மூலைக் கூண்டுக்கு மட்டும் செவப்பாம். அங்க கூட்டிக்கினு போய்க் காட்டினவர் சொன்னாரு."

அவள் சரியாகக் கேட்டாளோ என்னவோ, நான் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேனோ என்னவோ. படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கோட்டை அப்படித்தான் இருந்ததா, அந்த மாதிரிப் புத்தகங்களில் அப்படிப் படம் போட்டிருக்குமா? நான் எழுதிய மாதம், வருஷக் கணக்கு தப்பாக இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். ஒன்றை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அன்றைக்கு அடுப்பில் பால் இல்லை.