கோட்டை மியூசியத்தில் முறிந்த வார்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் எனக்கு செலக்‌ஷன் வேலை. பதப்படுத்திய தோலை மடக்கி, கட்டைவிரலால் அழுத்தி, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். இரண்டு வருடத்தில் கைக்கு அது பழகிவிட்டது. பஸ்ஸில் முன்னால் நின்றவரின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

விடுமுறை நாள் ஒன்றில் வேலூர்க் கோட்டைக்குள் இருந்த மியூசியத்துக்குப் போனேன். வெயிலுக்கு ஒதுங்கத்தான். துப்பாக்கிகளையும் பீரங்கிக் குண்டுகளையும் தாண்டி, ஒரு மேஜைமேல் சிப்பாயின் வாளும் உறையும் தோல் வாரும் கிடந்தன. குறுக்கே ஒரு கயிறு மட்டும். கை தானாகப் போயிற்று. வாரை மடக்கினேன். அப்பளம் போல முறிந்தது.

"டேய்! இன்னாடா பண்ற?"

கையில் டீ கிளாஸுடன் வாசலில் காவலாளி. கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து என் சட்டையைப் பிடித்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் போலீஸ் இருந்தது. ஆம்பூருக்கு வருவதற்கு முன், ஒரு ரயில் நிலையத்தில் படுத்திருந்ததற்காகச் சந்தேகக் கேஸில் பதினைந்து நாள் உள்ளே இருந்தவன் நான். எனக்காக வந்து சொல்ல ஆள் கிடையாது. மறுபடி மாட்டினால் பதினைந்து நாளோடு விட மாட்டார்கள்.

"திருட வந்தியா?"

"இல்லீங்க சார். தோல் ஷாப்ல வேலை. பழக்கத்துல மடக்கிட்டேன்."

"வாளை வுட்டுட்டு வாரைத் திருட வந்தவன் நீ ஒருத்தன்தான்டா. தோல் ஷாப்பா? அப்போ இது இன்னா தோலு, சொல்லு."

பக்கத்து அட்டையில் 'மான் தோல்' என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். அதையே சொல்லியிருக்கலாம். குனிந்து மயிர்க்கால்களின் வரிசையைப் பார்த்தேன்.

"வெள்ளாடு சார்."

"அப்போ படிச்சவங்க எழுதி வெச்சது பொய்யா?"

"மான் இல்லீங்க சார்."

பிடி தளரவில்லை. வெளியே பூட்ஸ் சத்தம். இருவரும் அசையாமல் நின்றோம். சத்தம் தாண்டிப் போயிற்று. அவர் நெற்றியிலும் வியர்த்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். முறிந்த துண்டை எடுத்து உறைக்கு அடியில் செருகினார்.

"நான் டீ குடிக்கப் போகல. நீ உள்ள வரல. ஓடாத, நடந்து போ."

நடந்தேன். கோட்டை வாசலில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார்.

"தீப்பெட்டி கீதா?"

கொடுத்தேன். அவர் பீடியைப் பற்றவைத்துவிட்டு நிமிர்வதற்குள் அகழியைத் தாண்டியிருந்தேன்.