சின்னச் சித்தப்பாவின் பக்கம்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் மற்றவர்களின் விலாசத்துக்கு ஒரு வரி போதும். சின்னச் சித்தப்பாவுக்கு ஒரு முழுப் பக்கம். அவர் லிஃப்ட் பொருத்துபவர். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் கம்பெனி அவரை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடும். "ஊரையெல்லாம் மேல ஏத்திவிட்டுட்டு நான் படியில இறங்கி வர்றேன்" என்பார். அயல்நாட்டில் பத்தாண்டுகளில் பதினோரு அறைகள். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் "எழுதிக்கடா" என்பார், தேதியுடன் எழுதிக்கொள்வேன்.

நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால்தான் சித்தியை அழைத்துக்கொள்ள முடியும். அதற்கு அந்த நாட்டிலேயே ஐந்தாண்டு தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துடன் இணைக்க விலாசப் பட்டியல் கேட்டார். ஒரு நாளும் பிசகாமல் எழுதி அனுப்பினேன். முந்தைய ஆண்டு கம்பெனி அவரைப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பிய ஏழு மாதமும் அதில் இருந்தது. அந்த எல்லையில் முத்திரை குத்துவதில்லை. பாஸ்போர்ட்டில் அதற்குத் தடயமே கிடையாது. சித்தப்பா என்னை நம்பி, படித்துப் பாராமலே கையெழுத்திட்டார்.

விண்ணப்பம் தள்ளுபடியானது.

"அந்த அதிகாரி அம்மா நல்லவங்கதான்டா," என்றார். "அவங்க பாஷையிலயே பதில் சொன்னேன், சிரிச்சாங்க. அப்புறம் பட்டியலப் பாத்துட்டு, 'எங்கயுமே நிலைக்கலையே, எங்களோட எப்படி ஒட்டுவீங்க'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவங்க ஆபீஸ் ஆறாவது மாடி. அந்த லிஃப்ட் நான் போட்டது. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ஒரே இடத்துல இருன்னு அவங்க சொல்றாங்க, கிளம்புன்னு கம்பெனி சொல்லுது. வேலைய விட்டா விசா போயிடும்."

பக்கத்து நாட்டு வேலை முடிந்து திரும்பிய நாளிலிருந்து ஐந்தாண்டை மறுபடி எண்ணச் சொன்னார்கள். சித்தி கட்டிவைத்திருந்த பெட்டியைப் பிரித்துப் பரணில் ஏற்றினார்.

"அந்த ஏழு மாசத்த விட்டிருந்தா உன் நோட்டு அழுதிருக்குமா?" என்று சித்தி என்னை ஒரே ஒரு முறை கேட்டார்.

சென்ற மாதம், அந்தப் புதுக் கணக்கில் நான்காவது ஆண்டு நடக்கையில், சித்தப்பா அழைத்தார். சித்தியும் என் அருகில் இருந்தார். மீண்டும் எல்லைக்கு அப்பால், எட்டு மாத வேலையாம்.

"எழுதிக்கடா." தெரு, கதவு எண், மாடி எல்லாம் சொன்னார்.

நான் பேனாவைத் திறக்காமல் சித்தியைப் பார்த்தேன்.

"எழுது," என்றார் சித்தி. "நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

தேதியுடன் எழுதினேன்.