அக்கரைக்குப் போன பள்ளிக்கூடம்

மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் மயிலம்மாள் டீச்சர் பேச்சைத் தொடங்குவார். "இது வேண்டாமுங்க, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்" என்பார். கூட்டத்தில் பெஞ்சே இருக்காது. சலசலப்பு அடங்கும்வரை விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிற்பார். சாக்பீஸை விட்டுப் பல வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எடப்பாடிப் பக்கம் ஒன்றியப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். எழுபத்தேழு தேர்தலுக்குப் பெண் வேட்பாளர் வேண்டுமென்று கட்சிக்காரர்கள் காரில் வந்து, கணவர் சின்னண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். "நிக்கப் போறது அவதானுங்க. அவளையே கேட்டுக்குங்க" என்று அவர் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். டீச்சர் வேலையை ராஜினாமா செய்தார், ஜெயித்தார்.

சட்டசபையில் அவர் பேசியது குறைவு. எழுந்த நாளிலும், எதிர்வரிசை இரைச்சல் ஓயட்டும் என்று வாய் திறக்காமல் நின்றதில் நேரம் முடிந்துவிட்டது. ஆனால் அலுவலகப் படி ஏறி இறங்கச் சலிக்கவில்லை. அப்படி அலைந்துதான் தொகுதிக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி வாங்கினார்.

சங்கடமும் அதில்தான் வந்தது. கேட்டது இரண்டு ஊர். ஒன்று அவர் பிறந்த ஊர். இன்னொன்று சரபங்கா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தறிக்காரர் ஊர். தம்பி ராசப்பன் ஊர்க்காரர்களைக் கூட்டி வந்தார். "எடமும் நாங்க தாரோம், கட்டடமும் கட்டித் தாரோம். பொறந்த ஊருக்குப் பண்ணாம யாருக்கக்கா பண்ணப் போறே?"

"நம்மூர்ப் புள்ளைங்க பஸ் ஏறி எடப்பாடிக்குப் போயிருவாங்க, சாமி. அக்கரைப் புள்ளைங்கள எட்டாவதோட தறிக்கு நூல் தார் சுத்த உக்கார வெச்சுருவாங்க."

பள்ளி அக்கரைக்குப் போயிற்று. எண்பது தேர்தலில் ராசப்பன் எதிர்க்கட்சி ஜீப்பில் ஏறி, "நம்மூர மறந்தவங்களுக்கு நம்மூர் ஓட்டு எதுக்குங்க?" என்று தெருத்தெருவாகக் கேட்டார். டீச்சர் தோற்றார். பிறந்த வீட்டுப் பொங்கல் சீரும் அந்த வருஷத்தோடு நின்றது. அவரைப் பற்றி எழுதப் போயிருந்த நான் அதைக் கேட்டேன். "தோத்தது தோத்ததுதானுங்க. சீரு நின்னதுதான்..." என்றவர், விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கடலைக்காட்டைப் பார்த்துக்கொள்கிறார். விதவைப் பென்ஷன், ரேஷன் கார்டு என்று யாராவது வந்தால் டவுன் பஸ்ஸில் கூடவே தாலுகா ஆபீசுக்குப் போகிறார். அங்கே அவரிடம் படித்த குமாஸ்தா ஒருவர் பார்த்ததும் எழுந்து நிற்பார். "நீ எதுக்கு நிக்கறே? இந்த ஆத்தாளுக்கு நாற்காலி போடு" என்பார் டீச்சர்.

இந்த ஜூனில் நான் அவர் வீட்டில் இருந்தபோது, நான்கு வருஷமாக அந்தப் பக்கமே வராத ராசப்பன், மகளுடன் வந்து வாசலில் நின்றார். பெரியவளான பெண்ணை எடப்பாடிக்கு பஸ்ஸில் அனுப்ப மனைவிக்குச் சம்மதமில்லை. அக்கரைப் பள்ளியில் ஒன்பதாவது சேர்க்கப் போனால் இடமில்லை என்கிறார்கள். இவ்வளவையும் வேப்பமரத்தைப் பார்த்தே சொன்னார்.

"ஒரு பெஞ்சு கூடப் போட்டாத் தீந்துது. காலையில நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் டீச்சர்.

ராசப்பன் கிளம்பவும் இல்லை; உள்ளே வரவும் இல்லை. டீச்சர் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து, தம்பியிடம் நீட்டாமல் பெண்ணின் கையில் கொடுத்தார். "உங்கப்பனுக்குக் குடு, சாமி." பிறகு இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். காலிச் சொம்பை வாசல் கல்லில் வைக்கும் சத்தம் கேட்கும்வரை திரும்பவே இல்லை.