சேஷாத்ரி துப்பாத ஒரு வாய்

கல்கத்தா லேக் கார்டன்ஸ் சேஷாத்ரியைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் நாக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் டீ டேஸ்டராக இருந்தவர். காலையில் போனதும் முந்நூறு கோப்பை வரிசையாகக் காத்திருக்கும். கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவார், வாய்க்குள் ஒரு உருட்டு உருட்டுவார், பக்கத்துத் தொட்டியில் துப்புவார், அடுத்த கோப்பைக்கு நகர்ந்துவிடுவார். எந்தத் தோட்டம், எந்த மாதத்து இலை, வழியில் மழையில் நனைந்ததா என்பது வரை புட்டுப்புட்டு வைப்பார். விழுங்குவது மட்டும் கிடையாது. முந்நூறு கோப்பையை விழுங்கிவிட்டு ஒரு மனிதன் எப்படி வீடு போய்ச் சேருவான்?

ரிடையரான பிறகு பழைய ஆபீஸ் சகா ஒருவர் அவரை பாலிகஞ்சில், அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற ஒரு பப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். சேஷாத்ரி அங்கேயும் சர்ரென்று உறிஞ்சினார். நாலு மேஜை திரும்பிப் பார்த்தது. அவர் பாட்டுக்குக் காலி டம்ளர் ஒன்றில் துப்பிவிட்டு, "பாதி கோதுமை. கொத்தமல்லி விதை போட்டிருக்கா. ரெண்டு நாள் அவசரப்பட்டு இறக்கிட்டா" என்றார். கவுண்டரில் நின்றிருந்த பெண் மூக்கின்மேல் விரலை வைத்தாள். ரெண்டு நாள் அவசரப்பட்டது அவள்தான்.

அவள் பெயர் மது. டாலிகஞ்சில் வளர்ந்த தமிழ்ப் பெண், அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பீர் காய்ச்ச வந்தவள். அன்றைக்கே அவள்தான், "அங்கிள், இதையெல்லாம் நீங்க எழுதணும்" என்றாள். இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி எழுத ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் இருநூறுக்கு மேல் பீர். அதிலும் ஸ்ட்ராங் பீர் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். காய்ச்சுகிறவரின் குணம் அதில்தான் தெரியும் என்பார். ஊரில் பலர் அவர் பக்கத்தைப் போனில் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பதில்லை என்ற அளவுக்கு வந்துவிட்டது.

மனைவி ஷியாமளா இதற்கு ஒப்புக்கொண்டது ஒரே காரணத்துக்காக. பீர் வயிற்றுக்குள்ளே போகவில்லை. மாடி வீட்டு பெங்காலி மாமியிடம்கூட, "எங்காத்துக்காரர் பீர் குடிக்கமாட்டார், பரீட்சை பண்ணுவார்" என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வாள்.

இந்த வருஷம் துர்கா பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மது அவரைக் கூப்பிட்டு பார்லி வைன் ஒன்றைக் கொடுத்தாள். பெயரில்தான் வைன், ஆள் பீர்தான். ஆல்கஹால் பதினோரு சதவீதம். எட்டு மாதமாக டேங்கில் கிடந்து முதிர்ந்தது. முதலாளி ரஞ்சன் சேன், பெங்காலி வழக்கப்படி எல்லாருக்கும் 'ரஞ்சன்-தா', அதாவது ரஞ்சன் அண்ணா, ஏகத்துக்கு முணுமுணுத்தும் அவள் விட்டுக்கொடுக்காமல் காத்த பீர். சேஷாத்ரி உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார். அன்று சாயங்காலமே எழுதிவிட்டார்: 'தேன் இருக்கிறது, பேரீச்சை இருக்கிறது. அதற்குமேல் ஒன்றுமில்லை. பாதியில் நின்றுபோகிற பீர்.'

ஞாயிற்றுக்கிழமை காலை மது போன் செய்தாள். சேஷாத்ரி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ரஞ்சன்-தா உங்க ரிவ்யூவைப் படிச்சுட்டார். நாளைக்கு டேங்கைத் திறந்து சாக்கடையில விடச் சொல்லிட்டார். பூஜைக்கு லைட் பீர் போட டேங்க் வேணுமாம்." குரலில் அழுகை இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க முழுங்கினீங்களா?"

"நான் எதையும் முழுங்கறதில்லையேம்மா."

"எதையுமேவா? இருநூறு பீர்ல ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "கொஞ்சம் முழுங்கிட்டு மீதியைத் துப்பறீங்கன்னு நெனச்சேன். அங்கிள், பீர் டீ மாதிரி இல்லை. கசப்பு தொண்டைல இறங்கும்போதுதான் முழுசாத் தெரியும். வாசனை அதுக்கப்புறம்தான் மூக்குக்கு ஏறும். நான் எட்டு மாசம் காத்துட்டிருந்ததே அந்தப் பின்பாதிக்குத்தான்."

சேஷாத்ரிக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. கத்தியைக் கீழே வைத்தார். ஷியாமளா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்தப் பொண்ணோட எட்டு மாச உழைப்பைத் துப்பிட்டு வந்து தீர்ப்பும் எழுதிட்டேளாக்கும்?"

"உள்ளே போகக்கூடாதுன்னு நீதானே..."

"நான் சொன்னது உங்க குடிக்கு. பீருக்குத் தீர்ப்பு எழுதறதுக்கு இல்லை. போய் ஒரு வாய் ஒழுங்கா முழுங்கிட்டு வாங்கோ."

பன்னிரண்டு மணிக்கு அவர் பப்பில் இருந்தார். மது ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். சேஷாத்ரி வழக்கம்போல் உறிஞ்சினார். தேன், பேரீச்சை. கை தன்னால் காலி டம்ளரைத் தேடிற்று. கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி விழுங்கினார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவி, நின்று, மேலே திரும்பியது. வறுத்த வேர்க்கடலைத் தோல் வந்தது. அது போவதற்குள் ஆரஞ்சுத் தோல். பின்னாலேயே கசப்பு, அவசரமில்லாமல், சுத்தமாக, அத்தனை தித்திப்பையும் துடைத்துக்கொண்டே வந்தது. முடிந்தது என்று நினைத்து மூச்சை விட்டார். விட்ட மூச்சில் புகையிலைக் கட்டின் வாசனை, அதற்கும் அடியில் பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல் ஒன்று. அதற்கு அவரிடம் பெயர் இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் பெயர் இல்லாத வாசனை என்று ஒன்று அவருக்கு வந்ததில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம் ஆகியும் அது வந்துகொண்டேயிருந்தது. ஒரு வாய்க்குள் இவ்வளவா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்த இருநூறு பீருக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் இப்படித் தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்?

ரஞ்சன் வந்தபோது சேஷாத்ரி போனில் எழுதி முடித்திருந்தார். வாசித்துக் காட்டினார்: 'இந்த பீரைப் பற்றி நான் எழுதியது தவறு. அப்போது இதை நான் விழுங்கவில்லை. இதுவரை எழுதிய எதையும் விழுங்கவில்லை. எல்லாவற்றிலும் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன். காய்ச்சியவர்கள் மன்னிக்க வேண்டும்.'

ரஞ்சன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சேஷாத்ரி-தா, இதைப் போட்டா இனிமே உங்க பேச்சை யார் கேப்பாங்க?"

"கேக்க வேண்டாம்" என்று சொல்லி சேஷாத்ரி பொத்தானை அழுத்தினார். "கொட்டச் சொன்னேளே, நீங்க இதைக் குடிச்சுப் பாத்தேளா?"

ரஞ்சன் மதுவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "உங்க ரிவ்யூவைப் படிச்சேன்" என்றார்.

மது இன்னொரு கிளாஸில் ஊற்றி நீட்டினாள். ரஞ்சன் நின்றபடியே ஒரு வாய் குடித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மது அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் டேங்கின் பக்கம் திரும்பி நின்றாள். சேஷாத்ரி மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நிமிஷத்தில் ரஞ்சன் கேட்டார்: "மொத்தம் எத்தனை லிட்டர் இருக்கு?"

"முந்நூறு" என்றாள் மது, திரும்பாமல்.

"அவ்வளவுதானா?"