சாம்பிளில் இல்லாத முடிவு

எனக்கு வாய் நீளம். இதை எதிரிகள் யாரும் கிளப்பிவிடவில்லை. நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் செக்கிங் செக்சன் மொத்தமும் ஒரே குரலில் சொல்லும். இருபது பெண்கள் மேசையைச் சுற்றி நின்று டீசர்ட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் இடம் அது. தையல் விட்டிருந்தாலோ எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். நான் அதற்கு இன்சார்ஜ். அதாவது, குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். பழக்கம் விடுமா? சொந்தக்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளை சட்டையின் காலர் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது என்று பந்தியில் உரக்கச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டிலிருந்து அடுத்து வந்த வளைகாப்புக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை.

இப்படிப்பட்டவள் டிவி நாடக விமர்சகர் ஆனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எல்லாம் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு எட்டரை மணிக்குத்தான் கம்பெனியை விட்டுக் கிளம்புவார்கள். நான் ஐந்தரைக்கே பல்லடம் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். வீட்டுக்காரர் தறி ஷெட்டிலிருந்து ஏழரைக்கு வந்துவிடுவார், அதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே ஏழு மணி நாடகத்தை அது வரும்போதே பார்க்கிற ஒரே ஆள் எங்கள் செக்சனில் நான்தான். காலையில் வருகைக் கார்டு போடுவதற்குள் கதை கேட்டு மொய்ப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டியதால் செக்சன் வாட்ஸ்அப் குரூப்பில் குரலிலேயே பேசி அனுப்ப ஆரம்பித்தேன். லீவு சொல்வதற்காகத் திறந்த குரூப் அது. கதை கேட்கத் தையல், பேக்கிங் பெண்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் அங்கே என் குரல் மட்டும்தான் இருந்தது. லீவு வேண்டியவர்கள் எனக்குத் தனியாகப் போன் செய்தார்கள்.

நாடகம் இந்தியில் வந்ததைத் தமிழில் திரும்ப எடுத்தது. கட்டாயத்தில் கல்யாணம், பிறகு காதல், பிறகு அவன் அவளைச் சந்தேகப்படுகிறான், கை நீட்டுகிறான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள். அவன் திருந்தித் தாடி வளர்க்கிறான். தாடி வளர்ந்த பிறகு கதை நகரவே இல்லை. நான் மட்டும் அந்தத் தாடியின் அளவு எபிசோடுக்கு எபிசோடு மாறுவதைக் கண்டுபிடித்துத் தனியாக ஒரு விமர்சனம் அனுப்பினேன்.

எங்கள் செக்சனில் பிசிர் வெட்டும் பீகார்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஊரில் இருந்தபோதே இந்தி நாடகத்தை முழுதாகப் பார்த்தவள். மதியச் சாப்பாட்டில் அவளைப் பிடித்து முடிவைக் கேட்டேன்.

"கடைசி ரெண்டு பேரும் சேருது தீதி. ஸ்டேசன்ல ஓடி வருது. அழுகுது. மறுபடி கல்யாணம்" என்றாள்.

போதாதா எனக்கு? எங்கள் தொழிலில் அப்ரூவ்டு சாம்பிள் என்று ஒன்று உண்டு. ஆர்டர் கொடுத்தவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்ட ஒற்றை உருப்படி. அது எங்கள் மேசைக்கு மேலே தொங்கும். வருகிற ஒவ்வொரு பீஸும் அதைப் போலவே இருக்க வேண்டும். அதைவிட அழகாக இருந்தாலும் ரிஜெக்ட்தான். ஒரு தடவை சாம்பிளில் பாக்கெட் சற்றுக் கோணலாக இருந்தது. டெய்லர் பாவம், நேராக வைத்துத் தைத்துவிட்டார். ஐம்பது பீஸையும் பிரித்துக் கோணலாகத் தைக்க வைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. இந்தி நாடகம் சாம்பிள், தமிழ் நாடகம் புரொடக்சன் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிசினில் விருதுநகர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. முப்பது வயது இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் புருசனை விட்டு மகளோடு இங்கே வந்தவள். அவனுக்கும் சந்தேகம்தான். கடைசியாக அடித்ததில் அவளுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. இப்போது அவன் திருந்திவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை அவள் தாய்மாமனோடு வந்து கூட்டிப் போகிறானாம். பேக்கிங்கில் வேலை செய்யும் அவள் அக்காவே தங்கை போய்விட வேண்டும் என்கிறாள். தங்கை அந்த வாரம் முழுக்கத் தப்பும் தவறுமாகத் தைத்தாள். அவள் பண்டலில்தான் அதிக ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"அக்கா, கடைசியில அவுக சேர்ந்துருவாகளா?" என்று வியாழக்கிழமை கேட்டாள். கேட்டது நாடகத்தைத்தான். ஆனால் எதற்காகக் கேட்கிறாள் என்று புரியாத அளவுக்கு மண்டு இல்லை நான். இருந்தும் என் வாய் முந்திக்கொண்டது.

"சேந்துருவாங்க கண்ணு. நாஞ் சொல்றனில்ல. எழுதி வெச்சுக்க" என்றேன்.

அவள் முகம் வாடியது. அதைப் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். போகும்போது இன்னொன்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு அவள் பக்கம் உட்கார ஆள் இல்லை, நான் வர முடியுமா? வாய் உள்ளவள் ஒருத்தி வேண்டும் என்று நினைத்திருப்பாள். பெருமையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசி எபிசோடு. அதற்கு முன்பே, பஸ்ஸில் வரும்போதே, பாராட்டு விமர்சனம் ஒன்றைப் பேசிப் பதிவு செய்து வைத்துவிட்டேன். ஸ்டேசன் காட்சியில் கண் கலங்கிவிட்டதாகக்கூட அதில் சொல்லியிருந்தேன். பீஸ் வருவதற்கு முன்பே பாஸ் சீல் குத்திய இன்சார்ஜ் திருப்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏழு மணிக்கு ஸ்டேசன் வந்தது. தாடிக்காரன் பூவோடு நின்றான். ரயிலிலிருந்து அவள் இறங்கினாள். ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். "உன்னை மன்னிச்சுட்டேன், ஆனா கூட வரமாட்டேன்" என்றாள். லீவுக்குக் குழந்தை அவனோடு இருக்கட்டும் என்று அதன் கையை அவனிடம் கொடுத்தாள். ஸ்டேசனுக்கு வெளியே ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனாள். அவ்வளவுதான். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? இரண்டு வருடம் பார்த்தவளை ஏமாற்றிவிட்டார்கள் என்று பொங்கினேன். வீட்டுக்காரர் வருவதற்குள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புது விமர்சனம் பேசினேன். சாம்பிள்படி இல்லாததால் இது ரிஜெக்ட் என்றேன். பொம்பளை என்றால் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்றேன். நடிக்கத் தெரியாதவள், முடிவு எழுதத் தெரியாதவர்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கேட்பாரில்லாமல் என் சொந்தக் கதையையும் ஒரு துண்டு சேர்த்தேன். செக்சன் முழுவதும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பியது. ஓவர்லாக்காரி மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. ஒன்றரை ஷிப்ட் களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, கஞ்சி போட்ட காட்டன் சேலையில் அவள் குடியிருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. பாயில் தாய்மாமன், பக்கத்தில் புருசன், கதவோரம் அக்கா. அவள் ஸ்டவ் பக்கம் நின்றாள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதற்கே எனக்குக் கழுத்து கொஞ்சம் நீண்டது.

தொண்டையைச் செருமி, "ஏனுங்க, புள்ளையோட காதுக்கு என்ன பதில் சொல்றீங்க?" என்று ஆரம்பித்தேன். நல்ல ஆரம்பம்தான். புருசன் தலையைக் குனிந்துகொண்டான்.

தாய்மாமன் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "தாயி, இந்தக் கொரலு ஒங்களதுதான? மூத்த புள்ளதான் அனுப்புச்சு" என்று அமுக்கினார்.

அறை முழுக்க நான் பேசினேன். என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. இது என்னங்க முடிவு? அவந்தான் திருந்திட்டானல்லொ. பொம்பளைன்னா கொஞ்சம் விட்டுக்குடுத்துத்தானுங்க போவோணும். நானுந்தான் ஒருக்கா கோவிச்சுட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போனேன். நாலு மாசம். பெரியவங்க வந்து சொன்னாங்க, திரும்பி வந்துட்டேன். இன்னிக்கு நல்லா இல்லீங்களா?"

பின்னால் பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் சொட்டும் சத்தமும் பதிவாகியிருந்தது.

"நாடகத்துக்கே சேரணுமின்னு சொல்லுதீக. இது நெசக் குடும்பம் தாயி" என்றார் தாய்மாமன். அதில் கேலி இல்லை. நான் அவர் கட்சிக்காரி என்று உண்மையாகவே நம்பினார்.

"அது வேறீங்க, இது வேறீங்க" என்றேன். என்ன வேறு என்று அவர் கேட்டார். இருபது பெண்களை ஒரே பேச்சில் அடக்குகிற வாய், சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா முகத்தில் நிம்மதி தெரிந்தது. புருசன் தலையை நிமிர்த்தினான். இன்னும் ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் பெட்டியை எடுக்க வேண்டியிருக்கும், நான் வந்ததால்தான் அவள் தோற்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் ஸ்டவ்வை அணைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க திரும்பிப் போனீகளே. நெசமாவே நல்லா இருக்கீகளா? நீங்க ஆமான்னா நானும் போறேன்."

"அதுக்கென்ன கண்ணு" என்று வாய் திறந்தேன். இது நான் எல்லோரிடமும் சொல்கிற பதில்தான். அன்று பாதியில் நின்றது. இவள் என் சொல்லைக் கேட்டுப் பஸ் ஏறப்போகிறாள். பயமாக இருந்தது.

"இல்ல கண்ணு. நல்லா இல்ல" என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. கல்யாணமான புதிதில் அவர் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத் தறிக்குப் போவார் என்று சொன்னேன். காய்ச்சலில் பிள்ளைக்கு வலிப்பு வந்த அன்று நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் வந்து பூட்டை உடைத்தார். அதற்குப் பிறகுதான் பொங்கலூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். பெரியவர்கள் வந்து, இனிமேல் பூட்டமாட்டான் என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தார்கள்.

"வாக்குத் தப்பலைங்க. அதுக்கப்பறம் ஒரு நாளும் பூட்டல. ஆனா அவரு வர்றதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணுமின்னு இன்னிக்கும் பஸ்ஸுல மணியப் பாத்துட்டே வர்றேன். இருவத்திரெண்டு வருசமாச்சு. அவரு எதுவும் சொல்றதே இல்லீங்க. நானேதான் ஓடிப் போயி உள்ள உக்காந்துக்கறேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. விருதுநகரிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் முன்னால் அழுதேன். நாடகத்தில் அந்தப் பெண் ஆட்டோ பிடித்துப் போனபோது எனக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்று அப்போது தெரிந்தது. வெறும் பொறாமை. அப்படியும் ஒருத்தி போகலாம் என்றால், நான் போகாமல் இருந்ததற்கு என்ன சாக்குச் சொல்வேன்?

அவள் புருசன் பக்கம் திரும்பினாள். "பிள்ளைய லீவுக்கு வந்து பாத்துக்கங்க. நான் வரல" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அவன் ஏதோ சொல்ல எழுந்தான். தாய்மாமன் அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

பிறகு அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார். குத்திக் காட்டுகிற எண்ணம் துளியும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டார்.

"அப்ப நீங்க ஏன் தாயி இன்னும் அங்கன இருக்கீக?"

"தெரியலீங்க" என்றேன்.

அவள் எனக்கு டீ கொடுத்தாள். பாதி குடித்திருப்பேன். சுவரில் மணி ஒன்றேகால் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷெட் அரை நாள், இரண்டு மணிக்கு அவர் சாப்பிட வந்துவிடுவார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் பஸ்ஸுக்கு ஓடினேன்.