அப்பாவின் பஸ்ஸில் வந்த பாட்டுக்காரர்கள்

எனக்கு ஒன்பது வயதான கோடையில், ஜமேக்காவிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு பாட்டுக் கோஷ்டியையும் என்னையும் அப்பா ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கோஷ்டியை ஏற்றியது கொம்பனி சொன்னதால். என்னை ஏற்றியது வேறு போக்கிடம் இல்லாததால்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். பிள்ளை பிறக்க இன்னும் காலம் கிடந்தது. ஆனாலும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அப்பா வேலைக்குப் போகும் நாட்களில் யூனியன்வில்லில் இருந்த சின்னம்மாதான் என்னை வைத்திருப்பார். அந்தக் கிழமை பார்த்து அவருடைய பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கொப்புளிப்பான் வந்துவிட்டது. நான் அங்கே போய் அந்த வருத்தத்தைக் காவிக்கொண்டு வந்து அம்மாவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று எல்லோரும் பயந்தார்கள்.

அப்பா ஓட்டியது பெரிய கோச் பஸ். வழக்கமாக அவருடைய பயணிகள் கசினோவுக்குப் போகும் வயோதிபர்களும் மாதா திருநாளுக்குப் போகும் நம்மவர்களும்தான். இரண்டு கூட்டமும் போகும்போது நம்பிக்கையோடு போய், திரும்பும்போது நித்திரையாகி வரும் என்பார். பாட்டுக்காரர்களை அவர் ஏற்றியதே இல்லை. கோஷ்டியின் மனேஜரும் ஜமேக்காக்காரர்தான். எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்குக் கிட்டவே பல வருடமாகக் குடியிருந்தவர். அப்பா தயங்கித் தயங்கி என்னைப் பற்றிக் கேட்டபோது, பிள்ளை வாகனத்தில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்குமா என்று மட்டும் கேட்டாராம். எடுக்காது என்று அப்பா பொய் சொன்னார்.

முதல் நாள் காலை என்னைச் சாரதிக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் இருத்தினார்.

“ஒண்டிலையும் கை வைக்கக் கூடாது. அவையளோடை அலட்டக் கூடாது. கேட்டுதே?”

“ஓம் அப்பா.”

முதலில் லண்டன், பிறகு ஹமில்ரன், கடைசியாக எங்கள் ரொறன்ரோ. லண்டன் என்றதும் பெரியம்மா இருக்கிற லண்டன் என்று நினைத்து, அவருக்குக் காட்டுவதற்காக என் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஒன்ராறியோவிலும் ஒரு லண்டன் இருக்கிறது என்பதை அப்பா எனக்கு நெடுஞ்சாலையில் வைத்துத்தான் சொன்னார். அந்த ஏமாற்றம் தீருமுன்னரே பஸ்ஸுக்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது.

கோஷ்டியில் மூன்று பேரை எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் தலைமைப் பாட்டுக்காரர். வெள்ளைத் தாடியும் இடுப்புவரை தொங்கும் சடையுமாக இருந்த பெரியவர். வெயில் கொளுத்தும் ஜூலையிலும் கழுத்தில் சால்வை சுற்றியிருப்பார். தொண்டை கட்டியிருந்ததால் மேடையைத் தவிர வேறெங்கும் வாய் திறப்பதில்லை. ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு கையசைவிலேயே பேசுவார். இரண்டாவது ஆள் ஒரு இளைஞன். அவன் பாடுவது பாட்டா சண்டையா என்று அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பஸ்ஸுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். மூன்றாவது, பின்னணி பாடும் அன்ரி. மஞ்சள் துணியால் தலையைக் கட்டியிருப்பார். உடம்பு முழுவதும் குலுங்கச் சிரிப்பார்.

அந்த அன்ரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் “டாட்டா” என்றார். நானும் கையை ஆட்டி “டாட்டா” என்றேன். எங்கேயும் போகாமலே இவர் ஏன் ஓயாமல் விடைபெறுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ‘மகள்’ என்ற ஆங்கிலச் சொல் ஜமேக்கா வாயில் அப்படி வருகிறது என்று மனேஜர் விளக்கியபோது பஸ் முழுவதும் சிரித்தது. வெட்கத்தில் நான் இருக்கைக்குள் தாழ்ந்துபோனேன். அன்ரி எழுந்து வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டார். அதன் பிறகு அவருடைய இடம் அதுவாயிற்று.

அப்பா முதல் நாள் முழுவதும் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். “உது பாட்டோ? தகரத்திலை அடிச்ச மாதிரிக் கிடக்கு” என்று தமிழில், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பெரியவரின் சடையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பெரியவரோ ஒவ்வொரு நாளும் பஸ் புறப்பட்டதும் மடியில் வேதப்புத்தகத்தை விரித்து, திருப்பாடல்கள் இருக்கும் பக்கத்தை உதடு அசைய வாசித்தார். அதைக் கண்ட அப்பாவுக்குப் பெரிய குழப்பம். முதல் நாள் மாலையே போனில் அம்மாவிடம், “பாத்தால் வேறை மாதிரி, ஆனால் எங்கடை ஃபாதரை விடக் கூட வாசிக்கிறார்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஹமில்ரனுக்குப் போகும் வழியில் அப்பாவின் பெருவிரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. நான் பார்த்ததைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

ஹமில்ரனிலிருந்து திரும்பும் வழியில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில், கார்கள் நிற்கும் வெளியில் வைத்து அன்ரி எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். முழங்காலை மடித்து, தோளை ஒரு பக்கம் சரித்து, காலால் தரையைத் துடைப்பதுபோல இழுக்க வேண்டும். பார்க்கச் சுலபம். என் கால்கள் மட்டும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டன. கறுப்புக் கண்ணாடி இளைஞன் வாயாலேயே மேளம் அடித்தான். அப்பா பஸ்ஸின் டயரை, அது எங்கேயாவது ஓடிவிடும் என்பதுபோல, வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் ரொறன்ரோவில், ஏரிக்கரைப் பூங்காவில், பட்டப்பகலில் நிகழ்ச்சி. புல்வெளி நிறையச் சனம். பச்சை, மஞ்சள், கறுப்புக் கொடிகள். பொரித்த மீனின் வாசம். மேடையிலிருந்து சோதனைக்கு ஒரு தடவை பேஸ் கிற்றாரைத் தட்டினால் என் நெஞ்சுக்குள் யாரோ கதவு தட்டியதுபோல இருந்தது.

அப்பா பஸ்ஸின் வயிற்றைத் திறந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்தார். கையிலிருந்த பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். பிறகு பேசிக்கொண்டே பஸ்ஸின் மறுபக்கம் போனார். அன்ரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னாலேயே போனார். கொஞ்ச நேரத்தில் பெரியவரும் மனேஜரும் போனார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸுக்கு அடியால் தெரிந்த அவர்களுடைய கால்கள்தான். நாலு சோடிச் சப்பாத்துகள், அசையாமல், மிகக் கிட்டக் கிட்ட.

அப்பா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

“பிள்ளை, நான் ஒரு அலுவலாப் போட்டு வாறன். அன்ரியோடை நில்.”

“எங்கை அப்பா? நான் ஆடுறதைப் பாக்க மாட்டீங்களே?”

“வந்து பாப்பன். கட்டாயம் பாப்பன்.”

மனேஜரின் காரில் ஏறிப் போனார். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் மனேஜரே சாரதியை ஏற்றிக்கொண்டு போவது விசித்திரமானது என்பது எனக்குத் தோன்றவில்லை. அன்ரி என் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து, இன்றைக்கு ஒரு ஆள் குறைகிறது, நீதான் உதவ வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியோர் உத்தியோகம் எனக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

மேடையின் ஓரத்தில் அன்ரியின் பாவாடையை உரசிக்கொண்டு நின்றேன். பெரியவர் பாடினார். மூன்று நாளாகச் சேமித்த குரல் அப்படியே ஏரிவரைக்கும் போனது. பிறகு இளைஞன் வந்தான். சனம் கைக்குட்டைகளைச் சுழற்றியது, குழல்களை ஊதியது. நடுவில் அவன் பாட்டை நிறுத்தி, திரும்பி, என்னை நோக்கி விரலை வளைத்தான். அன்ரி முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். நான் மேடை நடுவில் நின்றேன். முழங்கால் மடிந்தது, தோள் சரிந்தது, கால்கள் முதன்முறையாக ஒன்றோடொன்று சமாதானமாகின. அந்தச் சனம் எழுப்பிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்தது. சனம் கலைந்தது. அப்பா வரவில்லை. அப்பா ஏற்றி அடுக்க வேண்டிய பெட்டிகளையெல்லாம் அவர்களே ஏற்றி அடுக்கினார்கள். மற்றவர்கள் இரண்டு டாக்ஸிகளில் ஹோட்டலுக்குப் போனார்கள். பெரியவரும் இளைஞனும் அன்ரியும் போகவில்லை. அன்ரி எனக்குப் பணிஸில் சீஸ் வைத்துக் கொடுத்தார். எனக்கு அப்பாவைக் காணாமல் அழுகை முட்டத் தொடங்கியபோது பெரியவர் வந்து பஸ் படியில் இருந்தார். கழுத்துச் சால்வையை அவிழ்த்து என் தோளில் போட்டார். பாடத் தொடங்கினார். ஒன்று முடிய இன்னொன்று. குரல் உடைந்து கரகரத்து, கடைசியில் காற்று மட்டும் வந்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. இவருக்குப் பாட்டென்றால் எவ்வளவு விருப்பம், மேடையில் பாடியது போதாமல் இங்கேயும் பாடுகிறாரே என்று நான் நினைத்தேன்.

ஏரிக்கு மேலே வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது மனேஜரின் கார் வந்தது. அப்பா இறங்கினார். அன்ரியைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினார். அவ்வளவுதான். அன்ரி இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தினார். அவர்களை ஹோட்டலில் இறக்கியபோது ஒவ்வொருவரும் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். இளைஞன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அவனுடைய கண்கள் சின்னப் பையனுடையவை மாதிரி இருந்தன. பயணம் முடிந்தால் ஜமேக்காக்காரர் இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தத் தொலைபேசி அழைப்பில் அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை, சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகிறோம், இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று சொன்னார்களாம். பஸ்ஸின் மறுபக்கத்தில் அன்ரி அப்பாவைத் தாங்கிப் பிடித்திருக்க, பெரியவர் ஆங்கிலத்திலும் அப்பா தமிழிலும் ஒரே திருப்பாடலைச் சொன்னார்களாம். சாரதி பஸ்ஸை விட்டுப் போனது தெரிந்தால் அப்பாவின் வேலை போயிருக்கும். அதைக் கொம்பனிக்கு ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் பெரியவர் வேறு மாகாணத்தில் பாட வேண்டியிருந்தது. என்ன குரலோடு பாடினாரோ, தெரியாது. இதையெல்லாம் அப்பா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு. அதற்குள் மனேஜரும் வீடு மாறிப் போயிருந்தார். அவர்களுக்கு நன்றி சொல்ல முகவரி தேடினோம். கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை, என் தம்பி, இப்போது அம்மாவையும் என்னையும் விட உயரம்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பா வெறும் பஸ்ஸைக் கொம்பனி வளவில் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாரதி இருக்கையிலிருந்து எழுந்து வந்து, பயணிகள் இருக்கையில் உட்கார்ந்தார். அவர் அங்கே இருந்து நான் கண்டதில்லை.

“உனக்குத் தம்பி பிறந்திருக்கிறான். கையளவுதான் இருக்கிறான். அம்மா நித்திரை. நாளைக்குப் போய்ப் பாப்பம்” என்றார்.

“நான் மேடையிலை ஆடினனான் அப்பா. நீங்கள் பாக்கேல்லை.”

“இப்ப ஆடிக் காட்டு.”

இருக்கைகளுக்கு நடுவில் இருந்த ஒடுங்கிய வழியில், பாட்டில்லாமல், நானே வாயால் மேளம் அடித்துக்கொண்டு ஆடினேன். முழங்காலை மடித்தேன். தோளைச் சரித்தேன். முடிந்ததும் இன்னொரு தரம் ஆடச் சொன்னார். ஆடினேன். அப்பா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

அவ்வளவு நன்றாகவா ஆடினேன் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.